"ரத்தம் பத்தாது": ஒரு வாக்கியத்தின் வரலாறு

காலைக் கூட்டத்தில் அதிபர் பேசத் தொடங்கியதும் வரிசையில் யாராவது ஒருத்தி சரிந்து விழுவது எங்கள் காலத்தில் ஒரு செய்தியே அல்ல. டீச்சர் ஒருவர் ஓடி வந்து தூக்கிச் சுவரோரம் இருத்துவார். சீனி போட்ட சாயத்தண்ணி ஒரு கோப்பை வரும். விழுந்தவள் வெட்கத்தோடு குடித்துவிட்டு வகுப்புக்குப் போவாள். மறுநாள் அவளுடைய அம்மா கொழுந்துக்குப் போகும் வழியில் கூடையோடு வந்து நின்று சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "புள்ளைக்கி ரத்தம் பத்தாதுங்க டீச்சர்."

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி சங்கம் எங்களைக் கேட்டது. பாடசாலையின் வரலாற்றை எழுத எங்களைவிடத் தகுதியான மூத்த அக்காமார் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது வைத்தியம். ஆகவே அந்த அம்மாமார் சொன்ன ஒரு வாக்கியத்தின் வரலாற்றையே எழுதுகிறோம். அது இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு மேலேயுள்ள லயங்களில் தொடங்கி, குன்னூர், வேலூர் என்று சுற்றி, மறுபடியும் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

முதலில் ஒரு விளக்கம். இரத்தம் 'பத்தாமல்' போவது அளவில் அல்ல, நிறத்தில். செங்குழியங்களுக்குள் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறைவதையே குருதிச்சோகை என்கிறோம். அது ஒரு நோயின் பெயர் அல்ல; காய்ச்சலைப் போல ஓர் அடையாளம். காய்ச்சல் என்று வந்தவரிடம் என்ன காய்ச்சல் என்று கேட்காமல் விடமாட்டோம். சோகை என்று வந்தவரிடம் மட்டும் என்ன சோகை என்று கேட்காமலே மாத்திரை கொடுக்கும் பழக்கம் எப்படி வந்தது?

தோட்டங்களின் தொடக்க காலத்தில் வெளிறிப்போய், கால் வீங்கி, மூச்சு வாங்கி இறந்தவர்களுக்கு என்ன வியாதி என்பதிலேயே வைத்தியர்களுக்குத் தெளிவில்லை. இலங்கையின் தலைமைச் சிவில் வைத்திய அதிகாரியாக இருந்த கின்சி 1887இல் எழுதிய அறிக்கையின் தலைப்பே 'இலங்கையின் அனீமியா அல்லது பெரிபெரி' என்பதுதான். அந்த 'அல்லது' என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய சாவு அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதில் பெரும்பங்கு கொளுக்கிப்புழுவின் வேலை என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

இந்தப் புழு வாய்வழியாக மட்டும் வருவதில்லை. ஈர மண்ணில் பொரித்த குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, நுரையீரல் வழியாகச் சுற்றிக் குடலில் போய்த் தங்கும். மலசலகூடம் இல்லாத லயம், எப்போதும் ஈரமான தேயிலை நிரை, செருப்பில்லாத கால் ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் அதற்குச் சொர்க்கம். நம் பகுதியில் காணப்படும் வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது 0.03 மில்லிலீற்றர் அளவே. நூறு புழு இருந்தால் 3 மில்லிலீற்றர். அதோடு போகும் இரும்புச்சத்து ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். நல்ல சாப்பாடு சாப்பிடும் ஒருவரின் உடல் ஒரு நாளில் உணவிலிருந்து எடுத்துக்கொள்வதே ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மலை ஏறும் பெண்ணுக்கு, அதிலும் மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் உள்ள பெண்ணுக்கு, இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் சரிவராது.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. முதலில் தைமோல், பிறகு செனோபோடியம் எண்ணெய் என்று மருந்து கொடுத்தார்கள். குடித்தவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றும் வந்தன. புழு போயிற்று, சில மாதங்களில் திரும்பியும் வந்தது, ஏனென்றால் மண் அப்படியே இருந்தது. மருந்துக்கு ஒத்துழைத்த தோட்ட நிர்வாகங்கள் மலசலகூடம் கட்டச் செலவு செய்ய அதே அளவு அவசரப்படவில்லை. அந்தக் கால அறிக்கைகளில் சோகை ஒரு துன்பமாக வருவதைவிட வேலைநாள் இழப்பாகவே அதிகம் வருகிறது. இதைப் படிக்கும்போது எங்களுக்குக் கோபம் வருவது உண்மை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நம் மக்களின் மலத்தையும் இரத்தத்தையும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். அது நின்றுபோன பின் மிஞ்சியது மருந்துப் போத்தல் மட்டுமே.

இதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு அப்பால், நம் ஊரைப் போன்றே தேயிலையும் பனியும் உள்ள நீலகிரிக் குன்னூரில் ஒரு பெண் வைத்தியர் வேலை செய்துகொண்டிருந்தார். லூசி வில்ஸ் என்று பெயர். இங்கிலாந்துக்காரர். 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பருத்தி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் கடும் சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். நுணுக்குக்காட்டியில் அவர்களுடைய செங்குழியங்கள் சிறுத்துப்போகாமல், மாறாகப் பெருத்திருந்தன. ஆகவே இது இரும்புக் குறைவு அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடுகளுக்குள் போய்ப் பார்த்தார். அதே சாப்பாட்டை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். பம்பாயிலும் குன்னூரிலுமாக நடந்த அந்த ஆராய்ச்சியின் முடிவில் அவர் கண்டுபிடித்த மருந்து, நம் ஊர்க் கடைகளில் இன்றும் கறுப்புப் போத்தலில் இருக்கும் மார்மைட். 1931இல் அதை வெளியிட்டார். மார்மைட்டில் இருந்த அந்தப் பொருளுக்குப் பல ஆண்டு 'வில்ஸ் காரணி' என்றே பெயர். பிறகு அது போலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. இன்று உலகெங்கும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிறு மாத்திரையின் தாய்வழி இதுதான். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தினர் இலங்கைக் கிராமங்களில் பட்டினியால் வாடியவர்களுக்கு மார்மைட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நாங்கள் வைத்தியபீடத்தில் படித்தபோது லூசி வில்ஸின் பெயர் ஒரு வரியில் வந்து போயிற்று. அது பற்றி எங்களுக்கு இன்னும் குறைதான்.

போகிற போக்கில் சாயத்தண்ணியையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், தானியங்களிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எடுக்கவிடாமல் தடுக்கிறது என்று 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மயங்கி விழுந்த பிள்ளைக்கு அன்று நாங்கள் கொடுத்தது எது என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

இதுவரை சொன்னது புழுவும் சாப்பாடும். இனிச் சொல்வது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பியைப் பற்றி. பெயர் வேண்டாம், எங்கள் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அவன் பிறந்து ஆறு மாதத்திலிருந்தே வெளிறல். வழக்கமான வாக்கியமே அவனுக்கும் சொல்லப்பட்டது. ஒரு மருந்தகத்தில் இரும்புச்சத்துப் பாணி கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதைக் குடித்தான். வயிறு மட்டும் பெருத்தது. பிறகுதான் கண்டியில் தலசீமியா என்று சொன்னார்கள். அது பரம்பரை நோய். உடலுக்கு ஈமோகுளோபின் செய்யத் தெரியவில்லை. இரும்பு குறைவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு இரும்பைக் கொடுப்பது நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு வரும் இரும்பும் ஈரலிலும் இதயத்திலும் படியும். அதை வெளியேற்ற, வாரத்தில் ஐந்து இரவு, எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் தோலுக்கடியில் ஊசி குத்திப் பம்பி வைத்துப் படுக்க வேண்டும். லயக் காம்பிராவில், ஆறு பேருக்கு நடுவே. இறம்பொடை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் கண்டிக்குப் போய் வந்தான். வேலூருக்குக் கொண்டுபோனால் எலும்பு மச்சை மாற்றிச் சுகப்படுத்துவார்கள் என்று யாரோ சொன்னார்கள். காப்பையும் தோட்டையும் விற்றாலும் போதாத கணக்கு. போகவில்லை. அவன் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே போய்விட்டான்.

'வேலூர்' என்ற சொல் எங்கள் காதில் விழுந்தது அப்போதுதான். அந்த வைத்தியசாலைக்கும் இலங்கைக்கும் பழைய உறவு உண்டு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த அமெரிக்க மிஷனரி. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் இளம் ஐடாவை வைத்தியம் படிக்க வைத்தது. 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்காக மட்டும் ஒரு வைத்தியப் பாடசாலையைத் திறந்தார். ஆண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947இல்தான். பெண்கள் பாடசாலை ஒன்றின் மலரில் இதைச் சொல்வதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

அங்கே இரத்த நோய் ஆராய்ச்சியும் ஏழைகளின் சோகையில்தான் வேர்விட்டது. செல்வின் பேக்கர் என்ற அவுஸ்திரேலியர் தென்னிந்தியக் கிராமங்களில் குடல் நோய்களையும் சோகையையும் ஆராய்ந்தார். கர்ப்பிணிகளுக்கு எவ்வளவு இரும்பு கொடுத்தால் எவ்வளவு பலன் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு டில்லியிலும் வேலூரிலும் நடந்த ஆய்வில் அவரும் ஒருவர். அது 1975இல் வெளிவந்தது. நம் கிளினிக்குகளில் எண்ணிக் கொடுக்கப்படும் மாத்திரைகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட எண்ணல்கள் இருக்கின்றன.

பிறகு மாமன் சாண்டி வந்தார். 1986 ஒக்டோபரில் அவருடைய குழு வேலூரில் முதல் எலும்பு மச்சை மாற்றீட்டைச் செய்தது, ஒரு தலசீமியா நோயாளிக்கு. இந்தியாவில் அதற்கு மூன்று ஆண்டு முன்பே பம்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையில் ஒரு மாற்றீடு நடந்திருந்தது. வேலூரின் சிறப்பு முதலாவதாக இருந்ததில் இல்லை. நிறுத்தாமல் செய்ததிலும், செய்ததை எழுதி வைத்ததிலும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறோம். தலசீமியாப் பிள்ளைகளில் யாருக்கு மாற்றீடு ஆபத்து என்று பிரிக்க இத்தாலியின் பெசாரோ நகரத்து வைத்தியர்கள் மூன்று வகுப்பு வைத்திருந்தார்கள். உலகம் முழுக்க அதுவே அளவுகோல். ஆனால் இத்தாலியப் பிள்ளைக்கு ஒழுங்காக இரத்தம் கிடைத்தது, இரும்பு நீக்கும் மருந்து கிடைத்தது. வேலூருக்கு வந்த பிள்ளைகளோ பிந்தி வந்தவர்கள்; பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்புக்குள்ளும் எல்லாரும் ஒன்றல்ல என்று வேலூர்க் குழு தன் சொந்த நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2007இல் காட்டியது: 7 வயதும் அதற்கு மேலும், ஈரல் விலா எலும்புக்குக் கீழே 5 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் ஆபத்து மிக அதிகம். அந்தப் பிள்ளைகளுக்கென்று மருந்தையும் மாற்றினார்கள். டிரியோசல்பான் என்ற மருந்தைக் கொண்டு தயார்படுத்தியபோது இறப்புகள் குறைந்தன. அந்தக் கட்டுரையை நாங்கள் வாசித்தபோது எங்களுக்குத் தெரிந்தது அட்டவணை அல்ல. ஏழு வயது தாண்டி, வயிறு பெருத்து, பஸ் ஜன்னலில் தலை சாய்த்திருந்த அந்தத் தம்பிதான். அவனைப் போன்றவர்களை முதலாவதாக எண்ணியவர்கள் அங்கே இருந்தார்கள்.

வெள்ளைப் பாஷாணத்தின் கதையும் சுவையானது. ஏ.பி.எல். என்று ஒருவகை இரத்தப் புற்றுநோய் உண்டு. இரத்தப்போக்கால் சில நாட்களிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். மேல்நாட்டுச் சிகிச்சை விலை கூடியது. சீனாவின் ஹார்பின் நகரில் 1970களில் ஆர்செனிக்கை இதற்குப் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். நம் பாட்டிமார் பெயரைச் சொன்னாலே பயப்படும் அதே பாஷாணம். வேலூரில் அதை மட்டுமே மருந்தாக வைத்து 1998 முதல் 2004 வரை 72 புதிய நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 100க்கு 86 பேருக்கு நோய் முற்றாக அடங்கியது. விக்ரம் மாத்யூஸ் முதலானோர் 2006இல் அதை வெளியிட்டார்கள். காசில்லாதவருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி இல்லாவிட்டால் இந்த ஆய்வே நடந்திராது.

இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயிலும் அதே வழிதான். அலோக் ஸ்ரீவஸ்தவாவின் தலைமையில் அங்கே ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை செய்யப்பட்டது. அதன் பிறகு அவர்களுக்கு இரத்தக் கசிவே ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. ஐந்து பேர்தான், இன்னும் காலம் பார்க்க வேண்டும்.

வேலூரை நாங்கள் கோயிலாக்க விரும்பவில்லை. அங்கே போய் நாள்கணக்கில் காத்திருந்தவர்களும், லொட்ஜ் வாடகைக்கே கடன் பட்டவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இந்திய வைத்தியசாலைகள் பலவற்றில் ஏற்றிய இரத்தத்துக்குப் பதில் இரத்தம் தர உறவினரைத் தேடவேண்டியிருக்கிறது. இலங்கையிலோ 2014 முதல் முழுக்க முழுக்கத் தன்னார்வத் தானம். இதில் நாம் அவர்களுக்கு மேலே. ஆனால் ஒன்றில் அவர்களிடம் நாம் பாடம் கேட்க வேண்டும். நோயாளியைப் பார்ப்பதும், அவருடைய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும், கண்டதை எழுதுவதும், அதை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் அங்கே ஒரே கூரையின் கீழ் ஒரே ஆட்களின் வேலை. அங்கே குருதியியல் படித்தவர்கள் வேறு நகரங்களுக்குப் போய் இதையே செய்கிறார்கள். சாண்டி அவர்களே பின்னர் கொல்கத்தாவுக்குப் போய் டாட்டா மெடிக்கல் சென்ரரை வழிநடத்தினார்.

நம் நாட்டிலும் இந்த மாதிரி உண்டு. குருநாகலில் 1990களின் பிற்பகுதியிலிருந்து இலங்கை வைத்தியர்களும் ஒக்ஸ்போர்ட்டின் டேவிட் வெதரோலும் சேர்ந்து தலசீமியாப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஈ-பீற்றா வகை நோயாளிகளில் சிலர் மாதந்தோறும் இரத்தம் ஏற்றாமலே வாழ முடியும் என்று உலகத்துக்குக் காட்டியதில் குருநாகலுக்குப் பெரும்பங்கு. ராகமையில் பெரியவர்களுக்கான நிலையம் வந்தது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த கணக்கின்படி இலங்கையில் நூறு பேரில் இரண்டு மூன்று பேர் இந்த மரபணுவைச் சுமக்கிறார்கள். சுமப்பவருக்கு நோய் இல்லை. கொழுந்து பறிக்கலாம், பிள்ளை பெறலாம், நூறு வயது வாழலாம். கணவனும் மனைவியும் இருவருமே சுமந்தால் மட்டும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு நோய் வர.

சுமப்பவருடைய இரத்தமும் பார்வைக்கு இரும்புக் குறைவு போலவே இருக்கும், செங்குழியங்கள் சிறியவை. இங்கேதான் நாங்கள் எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரிசையில் நூறு பேர் நிற்க, நாங்களும் கேட்காமலே இரும்பு எழுதியவர்கள்தான். சாதாரண முழுக் குருதிப் பரிசோதனைத் துண்டிலேயே ஒரு துப்பு இருக்கிறது. செங்குழியத்தின் அளவைச் செங்குழியங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மரபணுவைச் சந்தேகிக்கலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. உறுதிசெய்ய ஈமோகுளோபின் ஏ2 பரிசோதனை உண்டு. அந்த வகுத்தலைச் செய்யாமல் எத்தனை துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தோம் என்பது எங்களுக்கே தெரியாது.

நம்மிடையே அத்தை மகன், மாமன் மகன் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஓடும் மரபணு அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பக்கமும் சந்திக்க இது வழி. ஆகவே கலியாணத்துக்கு முன் பரிசோதனை என்று சுகாதாரத் துறை சொல்வது சரி. ஆனால் தோட்டத்தில் அந்தப் பரிசோதனைத் துண்டு பெண்ணின் கையில் மட்டுமே இருக்கிறது. "அவளுக்கு ரத்தத்துல குறையாம்" என்ற பேச்சு ஒரு டிவிஷனிலிருந்து மறு டிவிஷனுக்குப் போக அரை நாள் போதும். மாப்பிள்ளையின் இரத்தத்தை யாரும் கேட்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவி தொலைபேசியில் அழைத்தாள். எங்களுக்கு இரண்டு வகுப்பு மேல், அதனால் அக்கா. இறம்பொடையில் இருக்கும் தங்கையின் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், மாப்பிள்ளை சொந்த அண்ணன் மகன். பிள்ளையின் துண்டில் 'தலசீமியா மரபணு சுமப்பவர்' என்று வந்திருக்கிறது. "மறைச்சிறலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மறைக்க வேணாம்க்கா. அண்ணன் மகனையும் பாக்கச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவனுக்குமா? பையனுக்கு ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கான்."

"புள்ளையும் நல்லாத்தானே இருக்குது."

மறுபடி சத்தமில்லை. பிறகு, யாரோ எழுதிக்கொள்வது போல நிதானமாக, அவள் கேட்டாள்: "வெறும் வயித்துல போகணுமா?"

"வேணாம்க்கா. சாப்பிட்டே போகட்டும்."